கட்டுமான நிறுவனத்துக்கு ஐடி சர்வீஸ்: பெங்களூரில் கிடைப்பதில் எது தேறும்?

பெங்களூரில் ஒரு கட்டுமான நிறுவனம் தன் ஐடி வேலையை மொத்தமாக வெளியே கொடுக்கலாம் என்று விசாரித்தால் மூன்று வகை கொட்டேஷன் வந்து சேரும். முதல் வகை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கடை வைத்துக்கொண்டு ஏ.எம்.சி.யும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்ப்பவர்கள். இரண்டாவது, 20 முதல் 50 இன்ஜினியர்கள் வரை வைத்து நடத்தும் நடுத்தர நிறுவனங்கள். மூன்றாவது, பெரிய திரைகள் ஓடும் கண்காணிப்பு மையத்துக்குக் கூட்டிப்போய்க் காபி கொடுத்துக் காட்டும் பெரிய கம்பெனிகள். மூன்று பேரின் பிரசன்டேஷனிலும் அதே ஹெல்ப்டெஸ்க், அதே பேக்கப், அதே செக்யூரிட்டி. விலை மட்டும் வேறு.

இவர்களைச் சாதாரண ஆபீஸுக்குப் பார்ப்பதுபோல் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கட்டுமானத்தில் உதைக்கும். மென்பொருள் கம்பெனியின் ஆபீஸ் வருடக்கணக்கில் ஒரே கட்டடத்தில் இருக்கும். இங்கே சர்ஜாபூர் ரோட்டில் ஒரு சைட் ஃபினிஷிங்கில் இருக்கும்போதே தேவனஹள்ளியில் இன்னொன்று தகரக் கொட்டகையோடு ஆரம்பித்துவிடும். ஆகவே எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: புது சைட்டை எப்படி எழுப்பித் தருகிறார்கள், முடிந்த சைட்டை எப்படி மூடுகிறார்கள். தலைமை ஆபீஸை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வார்கள்.

கொட்டேஷன் கேட்கும்போதே ஒரு மாதிரி சைட்டை எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். 40 அடி கன்டெய்னர் ஆபீஸ், எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஏ3 பிரிண்டர், 16 கேமரா, வருகைப் பதிவு மெஷின் இரண்டு, 180 மீட்டர் தள்ளி கேட் கேபின், அதை ஒட்டி எடைமேடை. இதற்குப் பொருள் பட்டியலும் ஒரு வரைபடமும் கேளுங்கள். வரும் பதிலைப் பார்த்தே பாதிப் பேரைக் கழித்துவிடலாம்.

கேட் கேபினுக்கு கேட்-6 (Cat-6) எனும் காப்பர் நெட்வொர்க் கேபிள் போட்டு நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்கிறேன் என்று எழுதியிருந்தால் அவர் சைட்டே பார்த்ததில்லை. காப்பர் கேபிளின் எல்லை 100 மீட்டர். நடுவில் ஸ்விட்ச் வைத்தால் தூரம் எட்டும், ஆனால் அந்த ஸ்விட்ச் வெயிலிலும் மழையிலும் கம்பத்தில் தொங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் எர்த்திங். கன்டெய்னருக்கு ஒரு எர்த், கேட் கேபினுக்கு இன்னொரு எர்த் என்றிருக்கும்போது இரண்டையும் காப்பரால் இணைத்தால், ஏப்ரல், மே மாதத்து இடிமழையில் பக்கத்தில் எங்கே மின்னல் இறங்கினாலும் அதன் சர்ஜ் கேபிள் வழியாக ஓடும். கேமரா, ஸ்விட்ச் போர்ட், கேமரா வீடியோவைப் பதிவுசெய்யும் என்.வி.ஆர். பெட்டி எல்லாம் ஒரே மாலையில் போகும். சரியான பதில், உலோகம் இல்லாத கவசம் போட்ட சிங்கிள் மோடு ஃபைபரும், ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்க இரண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டரும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

என்.வி.ஆர். டிஸ்க் அளவை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்றும் கேளுங்கள். 4 மெகாபிக்சல் கேமரா, ஹெச்.265 வீடியோ சுருக்கம், சுமார் 2 எம்.பி.பி.எஸ். என்று வைத்தால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. அதை 16 கேமராவுக்கு, 30 நாளுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 10.4 டி.பி. நான்கு டி.பி. டிஸ்க்கைப் போட்டுவிட்டு "ஒரு மாதம் ஸ்டோரேஜ்" என்று எழுதும் கொட்டேஷன் நிறையவே உண்டு. அதில் 12 நாள்கூடத் தாங்காது. கம்பி திருட்டு பெரும்பாலும் மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் வீடியோ மேலெழுதப்பட்டிருக்கும்.

அடுத்தது இன்டர்நெட். "இரண்டு லைன் தருகிறோம்" என்பது எல்லார் வாயிலும் வரும். இரண்டும் ஃபைபர் என்றால் இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கிக்கொண்டு வரும், அல்லது ஒரே பள்ளத்தில் போகும். ஜே.சி.பி. ஒரு வாளி மண் அள்ளினால் இரண்டும் போச்சு. கம்பத்தில் தொங்கும் கேபிள்களை அதிகாரிகள் வெட்டி அகற்றினாலும் அதே கதி. இரண்டாவது லைன் கட்டாயம் வயர்லெஸாக இருக்க வேண்டும். 4ஜி, 5ஜி ரவுட்டரைக் கன்டெய்னருக்குள் மேசை மேல் வைத்துவிட்டுப் போகும் இன்ஜினியரைப் பார்த்தால் அப்போதே பிடித்து நிறுத்துங்கள். சுற்றிலும் இரும்புத் தகடு, சிக்னல் எப்படி உள்ளே வரும்? வெளியே பொருத்தும் யூனிட்டைக் கூரைக்கு மேல் கம்பத்தில் ஏற்றி, ஒரே கேபிளில் பவரும் டேட்டாவும் கொடுக்க வேண்டும். இன்னொன்று: அஸ்திவாரம் தோண்டும்போது பார்த்த சிக்னல் எட்டாவது மாடி எழும்போது இருக்காது. டவருக்கும் கன்டெய்னருக்கும் நடுவில் நம் கட்டடமே சுவராக வந்து நிற்கும். ஆன்டெனாவை இடம் மாற்றும் வேலை மாதக் கட்டணத்தில் அடக்கமா, தனி பில்லா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சிம் வழியாக வரும் இணைப்புக்குப் பொதுவாகத் தனி பப்ளிக் ஐ.பி. கிடைக்காது. அதனால் தலைமை ஆபீஸிலிருந்து சைட்டை நோக்கி வி.பி.என். (இணையம் வழியே போடும் பாதுகாப்பான தனிப் பாதை) போட முடியாது, சைட் ரவுட்டர்தான் தலைமை ஆபீஸை நோக்கிப் போட வேண்டும். இதைக் கேட்டதும் தலையாட்டுபவர் தேறுவார். "ஸ்டாடிக் ஐ.பி. வாங்கிக் கொடுங்க சார், பார்க்கலாம்" என்பவர் தேறமாட்டார்.

தூசியும் கரண்ட்டும் சைட்டின் நிரந்தர வியாதிகள். சிமென்ட் தூசி ஈரக்காற்றோடு சேர்ந்து ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் காரையாகவே படிந்துவிடும். புளோயர் அடித்தால் போகாது; கழற்றி பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். சைட்டுக்கு ஃபேன் இல்லாத மினி பி.சி. எழுதிக் கொடுப்பவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடலாம். வெல்டிங் மெஷின் ஓடும் அதே ஃபேஸில் ஆபீஸ் இருந்தால் வோல்டேஜ் துள்ளிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்துவிட்டு ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் மறந்துவிடுவார்கள். ஜெனரேட்டர் மாறும் சில வினாடிகளில் எல்லாம் அணைந்து, மறுபடி நெட் வரச் சில நிமிடம் ஆகும். சிறிய யு.பி.எஸ். ஒன்று தீர்க்கிற விஷயம் இது.

கொத்தனார், சித்தாள் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். சுண்ணாம்பும் சிமென்ட்டும் செய்யும் வேலை. கைரேகை மெஷின் வாங்கிக் கொடுத்தால் காலை எட்டு மணிக்கு வரிசை கேட் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும். முகம் பார்க்கும் மெஷின்தான் சரி. நெட் இல்லாதபோதும் பதிவைத் தனக்குள் சேமித்து, வந்ததும் அனுப்புகிறதா என்று லைனைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டும் கடைசித் தேதி மாதம் 15. பத்தாம் தேதிக்கு மேல் மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) ஆள் காணவில்லை என்று தெரிந்தால் ஹெச்.ஆர். கழுத்தில் கத்தி.

எஸ்.எல்.ஏ. (எத்தனை நேரத்தில் கவனிப்போம் என்ற எழுத்து உறுதி) பற்றி எல்லாரும் பேசுவார்கள். நான்கு மணி நேர ரெஸ்பான்ஸ், திங்கள் முதல் வெள்ளி, ஒன்பதிலிருந்து ஆறு. இதைக் கட்டுமானத்தோடு பொருத்திப் பாருங்கள். ரெடிமிக்ஸ் லாரியில் ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்க வேண்டும் என்பது பொது விதி. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்தால்தான் கொஞ்சம் நீட்டிக்கலாம். நகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பெரிய ஸ்லாப் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடும். கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்ட்டைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனத்தில் சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பிளான்ட்டின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மேனுவலில் ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு லாரிக்கும் தர வேண்டிய பேட்ச் ஷீட் (கலவை விவரத் தாள்) வராது. கிளையன்ட்டின் தரக் கட்டுப்பாட்டு ஆள் ஷீட் இல்லாத லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் நான்கு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தப் பிளான்ட் கம்ப்யூட்டர் பெரும்பாலும் பழைய விண்டோஸில் ஓடும், அப்டேட் செய்யக் கூடாது என்று பிளான்ட் விற்றவரே சொல்லியிருப்பார். நல்ல சர்வீஸ்காரர் அதை மற்ற நெட்வொர்க்கிலிருந்து தனியாகப் பிரித்துவைப்பார். அதன் டிஸ்க்கை முழுதாக குளோன் செய்து, அந்த ஸ்பேர் டிஸ்க்கை ஆபரேட்டர் அறையிலேயே பூட்டிவைப்பார். போனிலேயே வழிசொல்லி டிஸ்க்கை மாற்றவைத்தால் அரை மணி நேர வேலை. ஒப்பந்தத்தில் "ஸ்லாப் நாள் ஆதரவு" என்று தனி வரி கேளுங்கள்: முந்தின நாள் மாலைக்குள் தகவல் சொன்னால் அன்று ராத்திரி ஒரு இன்ஜினியர் போனில் விழித்திருக்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் ஆள் விழித்திருப்பார், டிக்கெட்டும் போடுவார். சைட்டுக்கு வரும் ஆள் மட்டும் வேறு ஏஜென்சி மூலம் வரும் புதுமுகமாக இருப்பார். இந்த ஒரு விஷயத்தில் எஸ்.பி. ரோட்டுக்காரர்கள் உசத்தி. கடை ஷட்டரைத் திறந்து பவர் சப்ளையை எடுத்துக்கொண்டு பைக்கில் வந்துவிடுவார்கள்.

மொழியும் பார்க்க வேண்டும். ஸ்டோர் கீப்பர் கிருஷ்ணகிரிக்காரர், டைம் கீப்பர் திருவண்ணாமலை, பில்லிங் இன்ஜினியர் கர்நாடகாவின் ஹாசன் ஊர்க்காரர். "அண்ணா, ஜி.ஆர்.என். போட்டா சுத்திக்கிட்டே இருக்குது" என்று, சரக்கு வந்த ரசீதைப் பதிய முடியாமல் சொல்பவரிடம் ஆங்கிலத்தில் பிழைச் செய்தியின் எண்ணைக் கேட்டால் அவர் போனை வைத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு ஸ்டாக் இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு. கன்னடமும் தமிழும் பேசும் ஆள் ஒருவராவது ஹெல்ப்டெஸ்க்கில் இருக்க வேண்டும். இந்தியும் இருந்தால் நல்லது.

இனி டாலி என்ற கணக்கு மென்பொருள். கட்டுமான நிறுவனங்கள் அடிவாங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். தலைமை ஆபீஸ் சர்வரில் டாலி ஓடும். சைட் அக்கவுன்டன்ட்டும் அதிலேயே வேலை செய்ய வேண்டும் என்பதற்காக யாரோ ஒருவர் ரவுட்டரில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டிருப்பார். இணையத்தில் எந்நேரமும் அந்தப் போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். 3390-க்கு மாற்றிவிட்டோம் என்பது பூட்டாத கதவுக்குத் திரை போட்ட கதை. உள்ளே வந்தவன் நிதானமாகப் பேக்கப்பை அழித்துவிட்டுத்தான் ஃபைல்களைப் பூட்டுவான். யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் எப்போதும் சொருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

சர்வீஸ்காரர் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்து மூடி, வி.பி.என்.-னும் இரண்டடுக்கு லாகினும் போட வேண்டும். டாலி டேட்டா ஃபோல்டர் நெட்வொர்க்கில் எல்லாருக்கும் முழு அனுமதியோடு ஷேர் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் ஏதோ ஒரு லேப்டாப்பில் வந்த ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) போதும். டாலி பிரைம் சர்வர் போட்டால் பயனர்களுக்கு அந்த ஃபோல்டரையே திறந்துவிட வேண்டியதில்லை. தேர்வு நேரத்தில் "எங்கள் சர்வரை வெளியிலிருந்து பார்த்து என்ன திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று எழுத்தில் அனுமதி கொடுத்துக் கேளுங்கள். ஒரே நாளில் அறிக்கை தருபவர் வேலை தெரிந்தவர்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய டாலி டேட்டாவை வேறொரு கம்ப்யூட்டரில் எழுப்பி டிரையல் பேலன்ஸ் காட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரு டிராயிங்கை அதன் எக்ஸ்ரெஃப்களோடு (அது உள்ளே இழுத்துக் காட்டும் மற்ற டிராயிங் ஃபைல்களோடு) திறக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரம்தான் நிஜமான எஸ்.எல்.ஏ.

டிராயிங் விஷயத்தில் நடுத்தர நிறுவனங்களே சறுக்குகின்றன. ஆபீஸ் ஃபைல் சர்வரை மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான ஷேர்பாயின்ட்டுக்கு மாற்றித் தருகிறேன் என்பார்கள். வேர்டு, எக்செலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆட்டோகேடில் ஸ்ட்ரக்சரல் டிராயிங் ஆர்க்கிடெக்சரல் டிராயிங்கை எக்ஸ்ரெஃப்பாக இழுத்திருக்கும், அதன் பாதை சர்வர் பெயரோடு முழுதாக எழுதப்பட்டிருக்கும். மாற்றிய மறுநாள் டிராயிங்கைத் திறந்தால் கிரிட் லைன் மட்டும் இருக்கும், சுவர் இருக்காது. மாற்றுவதற்கு முன்பே எல்லாப் பாதைகளையும் ரிலேட்டிவாக, அதாவது சர்வர் பெயர் இல்லாமல், மாற்ற வேண்டும். ஆட்டோகேடோடு வரும் ரெஃபரன்ஸ் மேனேஜர் இதை மொத்தமாகச் செய்யும். இன்னொன்று, ஒருவர் திறந்திருக்கிறார் என்று அடுத்தவருக்குச் சொல்லும் லாக் ஃபைல், ஷேர்பாயின்ட் ஃபைல்களைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் ஒன்டிரைவ் சிங்க்கில் ஒழுங்காகப் போய்ச் சேராது. இரண்டு பேர் ஒரே டிராயிங்கில் வேலை செய்து, கடைசியில் கம்ப்யூட்டர் பெயர் ஒட்டிய இரண்டாவது காப்பி ஒன்று உருவாகும். எது மூன்றாம் ரிவிஷன் (ஆர்3), எது இரண்டாம் ரிவிஷன் (ஆர்2) என்று சைட்டில் யாருக்கும் தெரியாது. பழைய ரிவிஷனில் பீம் கம்பி கட்டி ஸ்லாப் போட்டுவிட்டால் அதை உடைக்கும் செலவில் பல வருட ஐடி கட்டணம் அடங்கிவிடும். டிராயிங்குக்கு ஆபீஸிலேயே வைக்கும் என்.ஏ.எஸ். (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி), அல்லது டிராயிங்குக்கென்றே செய்த கிளவுட், சைட்டுக்கு பி.டி.எஃப். மட்டும் படிக்கும் அனுமதியில்.

மெயிலில் ஒரு நுணுக்கம். வேலையை விட்டுப்போன புராஜெக்ட் மேனேஜரின் கணக்கை மைக்ரோசாஃப்ட் 365-இல் அழித்தால் 30 நாளில் மெயில்பாக்ஸும் போய்விடும். தாமதத்துக்கு யார் காரணம் என்று இரண்டு வருடம் கழித்து ஆர்பிட்ரேஷனில் (நடுவர் முன்னால் வழக்கில்) நிற்கும்போது அந்த மெயில்கள்தான் சாட்சி. ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றிவைத்தால் 50 ஜி.பி. வரை லைசென்ஸ் கட்டணமே இல்லை. இதைத் தானாகச் சொல்லாத சர்வீஸ்காரர் உங்கள் தொழிலை நினைத்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஸ்டீல் சப்ளையர் பெயரில் "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது" என்று வரும் மெயிலுக்கு ஐடி பாதி மருந்துதான். மீதி, பழைய நம்பருக்குப் போன் செய்து கேட்பது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி சைபர் தாக்குதலைத் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (கருவிகளில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறிய ஃபயர்வால்கள் பலவற்றில் டிஸ்க்கே கிடையாது. லாக் எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். கம்பெனியாகப் பதிவானவர்கள் கணக்குப் புத்தகத்தின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், செய்த திருத்தங்களைப் பதிந்துவைக்கும் எடிட் லாக் கொண்ட கணக்கு மென்பொருள்தான் பயன்படுத்த வேண்டும். தொழிலாளியின் முகப் பதிவும் ஆதார் நகலும் 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. சர்வீஸ்காரர் கையில் கசிந்தாலும் பொறுப்பு உங்களுடையதே. தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ் காட்டினால் அதில் 2013 பதிப்பு என்றிருக்கிறதா பாருங்கள்; 2025 அக்டோபர் 31-உடன் அது செல்லாது. எந்த வேலைக்கான சான்று என்ற வரியையும் படியுங்கள். மென்பொருள் உருவாக்கத்துக்கு வாங்கிய சான்றிதழை ஹெல்ப்டெஸ்க்குக்குக் காட்டுபவர்கள் உண்டு.

கிராக் செய்த ஆட்டோகேடைப் "போட்டுக் கொடுத்துடறோம் சார்" என்று சொல்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள். காப்பிரைட் சட்டம் 63பி பிரிவில், தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. அந்தப் பிரிவில் மாட்டுவது பயன்படுத்தும் நீங்கள்தான். எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகளும் இப்போது லாபமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்காது.

அரசு டெண்டர் போடும் நிறுவனம் என்றால் அதற்கென ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கி, டெண்டர் வாரத்தில் அதில் எந்த அப்டேட்டும் நடக்காமல் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அந்தக் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும். இன்ஜினியர் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் அவர் கண்ணுக்கு அது தெரியாது. "டோக்கன் கெட்டுப்போச்சு சார்" என்பார். கெடவில்லை, திரையை அப்படியே பகிரும் வகை ரிமோட் மென்பொருளில் வந்தால் தெரியும்.

கட்டணத்தில், ஆள் கணக்கு வேண்டாம். ஒரு சைட் கம்ப்யூட்டரை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். கம்ப்யூட்டர் கணக்கும் சைட் கணக்கும் சேர்ந்ததே கட்டுமானத்துக்குப் பொருந்தும். சைட் திறக்க ஒரு நிலையான தொகை, மூட ஒரு தொகை. மூடும் தொகைக்குள் என்னென்ன என்று எழுத வேண்டும்: டிஸ்க் துடைப்பது, சிம் ரத்து, நெட் லைன் சரண்டர், லைசென்ஸ் திரும்ப எடுப்பது, பொருள் எண்ணி ஸ்டோரில் கையெழுத்து. முடிந்துபோன சைட்டின் சிம்முக்கும் லைனுக்கும் மாதக்கணக்கில் பில் கட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் இந்த ஊரில் குறைவில்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்த பிறகே விலைகளை ஒப்பிடுங்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினதும் ஓசூரை "வெளியூர்" என்று கணக்குப் போட்டுப் பயணப்படி கேட்பார்கள். தேவனஹள்ளியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான் என்று சொல்லி நீக்கவையுங்கள்.

பாஸ்வேர்டுகள் யாரிடம்? டொமைன் உங்கள் கம்பெனி பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், சர்வீஸ்காரர் பெயரில் அல்ல. மைக்ரோசாஃப்ட் கணக்கின் தலைமை அட்மின் ஒன்று உங்கள் டைரக்டர் கையில், சீல் வைத்த கவரில். ஃபயர்வால் கான்ஃபிகரேஷன் மாதம் ஒருமுறை உங்கள் ஃபோல்டருக்கு வர வேண்டும். அவர்கள் உங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் வரும் மென்பொருளே ஆபத்தாகலாம்: 2021 ஜூலை 2-ஆம் தேதி கசேயா என்ற அத்தகைய மென்பொருளின் ஓட்டை வழியாக, சர்வீஸ் நிறுவனங்களை நம்பியிருந்த 1,500 வரையிலான நிறுவனங்கள் ரான்சம்வேரில் மாட்டின. உங்கள் சர்வீஸ்காரரின் இன்ஜினியர்கள் தங்களுடைய அத்தகைய மென்பொருளுக்குள் இரண்டடுக்கு லாகினில்தான் நுழைகிறார்களா என்று நேரில் போய், ஒருவர் லாகின் செய்வதைப் பாருங்கள்.

மூன்றிலிருந்து பன்னிரண்டு சைட் வரை உள்ள நிறுவனத்துக்கு எங்கள் ஓட்டு நடுத்தர வகைக்குத்தான், எஸ்.பி. ரோட்டுக் கடை ஒன்றை ஸ்பேர் பார்ட்ஸுக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், வெளி மாநிலங்களிலும் சைட் இருந்தால் பெரிய கம்பெனி, ஆனால் சைட்டுக்கு வரும் ஆளின் பெயர்ப் பட்டியலோடு. எதுவானாலும் முதலில் முழு ஒப்பந்தம் போட வேண்டாம். மூடப்போகும் ஒரு சைட்டையும் திறக்கப்போகும் ஒரு சைட்டையும் 90 நாளுக்குக் கொடுங்கள். பழைய சைட்டிலிருந்து எண்ணி எடுத்த ஸ்விட்ச்சும் யு.பி.எஸ்.ஸும் புது சைட்டின் பொருள் பட்டியலில் அதே சீரியல் நம்பரோடு வந்து நின்றால், வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்.